தூத்துக்குடியார் விசுவாசம்

எங்கள் ஊர்க்காரர்களின் விசுவாசத்துக்கு ஈடு இணை கிடையாது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கொழும்புக்குச் சும்மாவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்ததாம். கொடுப்பவர் மனம் கோணக் கூடாது என்ற நாகரிகம் நமக்கு அன்றே உண்டு. நூறு வருஷம் கழித்தும் அது மங்கவில்லை.

2011 செப்டம்பர் 15-ல் அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டும் வந்து, எது வேண்டும் என்று கேட்கும். ஒரு பிளஸ் டூ பிள்ளையைப் போய் இப்படியெல்லாம் யோசிக்க வைக்கலாமா? "இது எதுக்கு அண்ணாச்சி, சும்மா இடத்த அடைச்சிக்கிட்டு கெடக்கு" என்று கம்ப்யூட்டர் கடைத் தம்பி லினக்ஸை அழித்தார். அதோடு விட்டாரா? அசல் விண்டோஸையும் தூக்கிவிட்டு, கிராக் செய்த பெரிய விண்டோஸாகப் போட்டுக் கொடுத்தார். சும்மா கிடைத்த நல்லதை விட்டுவிட்டுத் திருட்டுச் சரக்கைக் காசு கொடுத்து வாங்கும் தாராளம் வேறெந்த ஊருக்கு வரும்?

விண்டோஸும் அந்த அன்புக்குக் குறை வைக்கவில்லை. திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று இரவும் பகலும் நம் நினைவாகவே நிற்கிறது. பிள்ளையின் ஹால் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்கும் நேரம் பார்த்து அப்டேட் தொடங்கி, வட்டம் சுற்றுகிறது. எங்கள் ஊர்க் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. மூச்சடக்கும் பழக்கமும் போய்விடக் கூடாதே என்ற அக்கறைதான். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவைச் செருகினால் போல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும். அதைச் சாக்கிட்டுக் கம்ப்யூட்டர் கடைத் தம்பியையும் பார்த்து வரலாம். லினக்ஸில் ஏது இந்தக் கலகலப்பு? பைல் வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். தமிழ்99 விசைப்பலகைகூட காசு கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மனிதத் தொடர்பே அற்றுப்போகும்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கும் ஆயுள் முடிந்தது. பதினொன்றைப் போடலாம் என்றால், டிபிஎம் 2.0 சிப் இல்லாத பழைய பெட்டிக்குத் தகுதியில்லையாம். நம்மவர் தயங்குவாரா? தவணையில் புதுசு எடுத்துவிட்டு, நன்றாக ஓடிய பெட்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார். கடைக்காரர் அதில் லினக்ஸ் ஏற்றி இரும்புக் கணக்கு எழுதிக்கொண்டால், தூத்துக்குடியாரின் கொடை உள்ளத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?