இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

கே: கறிவேப்பிலைக் கன்றில் காக்கை எச்சம் மாதிரி ஒட்டியிருந்தது, தொட்டால் நெளிகிறது. சில நாளில் பச்சைப் புழுவாகிப் பாதி இலையைத் தின்றுவிட்டது. என்ன மருந்து அடிக்கட்டும்? – ஸ்ரீரங்கம் வாசகி

ப: பறவைகள் ஏமாறத்தான் அந்த வேஷம், உங்களையும் ஏமாற்றிவிட்டது! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம் என்று அதற்கு நன்றாகவே தெரியும். மெல்லச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் விடும், அவ்வளவுதான். கடிக்காது. கன்று சிறியதென்றால் புழுக்களைப் பொறுக்கிப் பெரிய எலுமிச்சை மரம் ஏதாவதில் விட்டுவிடுங்கள். ஆளுயர மரமென்றால் கண்டுகொள்ளாதீர்கள், தானே துளிர்க்கும். நாளைக்கு ரசத்தில் தாளிக்கப்போகும் இலையில் மருந்தடிக்க எப்படி மனசு வரும், அம்மா?

கே: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர் அடித்து அலுத்துவிட்டேன். இப்போது பெரிய பெரிய மாவுப்பூச்சிகள் வேறு கிளம்பி ஓடுகின்றன! – மேட்டுப்பாளையம் வாசகர்

ப: ஓடுகின்றனவா? ஸ்பிரேயரைக் கீழே வையுங்கள், ஐயா. வளர்ந்த மாவுப்பூச்சி ஓடுகிற சாதி இல்லை. ஒட்டிய இடத்திலேயே சாறு குடித்துக்கொண்டு கிடக்கும், நகர்ந்தாலும் ஊர்வதோடு சரி. வெள்ளைச் சடையும் அதுவுமாக விறுவிறுவென்று நடப்பது, அதைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்று பெயர், பூர்விகம் ஆஸ்திரேலியா. குச்சியால் தொட்டுப் பாருங்கள். உருவம் பெரிதாக, மெழுகு இழைகள் நீளமாக, நடை வேகமாக இருந்தால் அவர் உங்கள் ஆள். சோப்புத் தண்ணீர் எதிரியோடு அவரையும் சேர்த்துத்தான் நனைக்கும்.

2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே உங்கள் கோவைப் பக்கம்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்ட செடியெல்லாம் வெள்ளை பூத்தது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். மெழுகுப் பூச்சு அதை உள்ளே விடவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்கிற குளவியைத் தருவித்துப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அளவு. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், பொரிந்த புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். லிட்டர் லிட்டராக மருந்து செய்யாததை அந்தக் குட்டிக் குளவி செய்து முடித்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

உங்கள் செடியில் பொறிவண்டுப் புழு இல்லாத கிளைகளில் அப்பிக்கிடப்பதை மட்டும் வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். மற்றதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். எறும்பு ஏறுகிறதா என்று அவசியம் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும். எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

கே: கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே வீட்டில் மீதி இருக்கிறது. தக்காளிக்கு அடிக்கலாமா? – அம்பத்தூர் வாசகர்

ப: கூடவே கூடாது. கரப்பானை நீங்கள் சமைப்பதில்லை, தக்காளியைச் சமைப்பீர்கள்.

கே: வாரம் தவறாமல் வேப்பெண்ணெய் அடித்தும் கத்தரிக்காயை நறுக்கினால் புழு! – வேலூர் வாசகி

ப: புழு வீட்டுக்குள், நீங்கள் வாசலில். காய்க்குள் போன பிறகு அடிக்கிற மருந்து அதைத் தொடாது. பிடிக்கவேண்டிய இடம் கொழுந்து. செடி செழிப்பாக இருக்கும்போது ஒரு நுனி மட்டும் தலை தொங்கினால், வாட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள். இளஞ்சிவப்புப் புழு இருக்கும், நசுக்கிவிடுங்கள். சொத்தைக் காயைச் செடியடியில் போடாதீர்கள். வெளியேறும் புழு அங்கேயே சருகில் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகித் திரும்ப வரும்.

கே: மருந்துக் கடையில் சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டிலைக் கொடுத்து, ‘ரெண்டே சொட்டு போதும்’ என்கிறார். – தஞ்சாவூர் வாசகர்

ப: இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். டப்பாவிலுள்ள முக்கோணத்தில் சிவப்புதான் உச்ச நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் இறங்கும். பச்சையும் நஞ்சுதான். சிவப்பில் சேர்ந்த மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கவே நாட்டில் தடை இருக்கிறது. துணி காயும் கொடிக்கும் பிள்ளைகள் விளையாடும் தரைக்கும் நடுவில் இருக்கிற ஐந்து தொட்டிக்கு அது எதற்கு?

கே: அப்படியானால் வேப்பெண்ணெயை எப்போதுதான் அடிப்பது? – நாகர்கோவில் வாசகி

ப: அவரைக் கொழுந்தில் அசுவினி அப்பி, தண்ணீர் பீய்ச்சியும் அடங்காமல், இலையைத் திருப்பினால் பொறிவண்டோ அதன் புழுவோ மஞ்சள் முட்டைக் கொத்தோ கண்ணில் படவில்லை என்றால் அடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, பிறகு 5 மில்லி எண்ணெயை விட்டுக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். இரண்டு இலையில் அடித்து மறுநாள் பாருங்கள், கருகவில்லை என்றால் மற்றதற்கு அடிக்கலாம். வெயில் தாழ்ந்து, தேனீக்கள் போன பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கவேண்டும். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.