பேச்சுக்குக் கூலி, பேதிக்குப் பத்தியம்

பெண்டாட்டி முன்னால் பேசுகிற டாக்டருக்கும் சன்மானம் கிடைக்கும் தொழில் ஒன்று உண்டு. நம்மூர் ரான்பாக்ஸியை 2008இல் வாங்கிய டாய்ச்சி சாங்கியோவின் அமெரிக்கக் கிளையை விசாரித்தால் தெரியும். பெனிகார் என்ற ரத்த அழுத்த மாத்திரையை அங்கே விற்ற கம்பெனி அது. மாத்திரையை எழுதித்தரும் டாக்டர்களை அழைத்து, அதைப் பற்றி 'உரையாற்ற' வைத்தது. ஒருவர் தம் கிளினிக்கில் தம் ஊழியர்களுக்கே உரையாற்றினார். இன்னொருவரின் அவையில் வீற்றிருந்தது அவருடைய வாழ்க்கைத் துணை. வேறு சிலர் கம்பெனி செலவில் விருந்துண்டபடி, ஒரே விஷயத்தை முறைவைத்துத் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். எல்லாருக்கும் காசு. இப்படியெல்லாம் நடந்தது, இதெல்லாம் லஞ்சம் என்றது அமெரிக்க அரசு. 2015இல் 3.9 கோடி டாலர் கட்டிக் கணக்கை முடித்துக்கொண்டது கம்பெனி.

அதே காலத்தில், காசு வாங்காமல் பேசிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. "டாக்டர், வயிற்றுப்போக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது" என்றார்கள். அந்த உரைக்கு விருந்து இல்லை, பத்தியம்தான் கிடைத்தது. குடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பழி கோதுமை மேல் விழுந்தது. பாவம், அதற்கு வக்கீல் வைக்க வசதியில்லை. ரொட்டியை நிறுத்தினார்கள், பேதி நிற்கவில்லை. 2012இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படி 22 பேரின் கதையை வெளியிட்டார்கள். 14 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள். ஒருவர் 57 கிலோ இளைத்திருந்தார். 22 பேரும் விழுங்கியது ஓல்மெசார்டன், அதாவது பெனிகாரின் மூலமருந்து. மாத்திரையை நிறுத்தியதும் அத்தனை பேரும் தேறினார்கள்.

மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. அதை யாரும் மறுக்கவில்லை. சிலருக்கு ஆளையே குறைத்தது. அதைச் சொல்லத்தான் பேச்சாளர் கிடைக்கவில்லை. 2002இல் அனுமதி பெற்ற மருந்தின் சீட்டில் குடல் பற்றிய எச்சரிக்கையை ஏற்றும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்னது 2013 ஜூலையில். மாத்திரை தொடங்கிப் பல மாதமோ பல வருஷமோ கழித்துக்கூட இது வரலாமாம். இதைவிடச் சௌகரியமான பக்கவிளைவு உண்டா? பேதி வந்து சேரும்போது மாத்திரைமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

நோயாளிகள் தொடுத்த வழக்குகள் ஏறக்குறைய 2,300 ஆயின. 2017இல் 30 கோடி டாலர் வரை தருவதாகச் சமரசம். தவறு செய்தோம் என்று மட்டும் கம்பெனி சொல்லவில்லை. தவறே நடக்காத இடத்தில் 30 கோடியை அள்ளிக்கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கர்ணன் பரம்பரை போலும்.

அந்த மனசின் அளவையும் பார்த்துவிடுவோம். ஓல்மெசார்டன் ஒரே வருஷத்தில் 100 கோடி டாலருக்கு மேல் விற்ற சரக்கு. நஷ்டஈடு ஒருமுறை, விற்பனை வருஷா வருஷம். யாரும் சிறைக்குப் போகவில்லை. அடுத்த மாத்திரைக்குத் திட்டம் போடும் கணக்கப்பிள்ளை இதிலிருந்து பாடம் கற்பார்; நோயாளியின் குடலையும் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதி வைப்பார், டாக்டர் விருந்துக்கு அடுத்த வரியில்.