துளையியல்: போர்ட் கொச்சி சைக்கிள் டியூப்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு கிடைக்காதவர்கள் சங்க இலக்கியத்தில் எறும்பு, காப்பியங்களில் காற்று என்று தேடி அலைகிறார்கள். வாசலில் காற்றே இல்லாமல் நிற்கும் பொருளை மட்டும் ஒருவரும் சீண்டுவதில்லை. அக்குறை நீக்க எழுந்ததே இவ்வாய்வு. ஆய்வுப் பொருள்: பஞ்சரான டியூபை வீட்டிலேயே ஒட்டி மறுபடி ஓட்டுதல். களம்: போர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். எல்லை: முன்சக்கரம், பின்சக்கரம். ஸ்டெப்னி எல்லைக்கு அப்பாற்பட்டது.

களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902-இல் போடப்பட்டது கொச்சிக்குக் கிழக்கே, பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில். ரப்பர் வாரியம் இருப்பது கோட்டயத்தில். இப்படி ரப்பரின் மடியிலேயே உட்கார்ந்திருக்கும் ஊரிலும், ஓட்டையை அடைக்கப் பழைய டியூபிலிருந்துதான் துண்டு வெட்டுகிறார்கள். இம்முரணை எந்தப் பொருளாதார அறிஞரும் இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை.

வரலாற்றுப் பின்புலம் இல்லாத கட்டுரையை வழிகாட்டி கையெழுத்திட மாட்டார் என்பதால் அதையும் சொல்லிவிடுவோம். காற்றடைத்த டயருக்கு 1845-இல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கினார், எடுபடவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக மறுபடி கண்டுபிடித்தார், எடுபட்டது. காற்றை அடைத்தவர் யார் என்பதில் இப்படி இரண்டு பேர் பெயர் அடிபடுகிறது. முதன்முதலில் காற்று இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பியவர் பெயர் எங்கும் இல்லை.

இனிக் காரணவியல். டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்பதே முதற்கேள்வி. தரையைப் பார்த்த பக்கம் என்றால் குற்றவாளி தெருவில் கிடக்கிறான்: சீனவலைப் பக்கம் தூண்டில் முள், யூதத் தெருவில் பழைய அலமாரியிலிருந்து கழன்ற ஆணி, மற்ற இடங்களில் பாட்டில் சில்லு. ஓட்டை ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். கடலோரத்து உப்புக்காற்றில் ரிம் துருவேறும். ரிம் டேப் இற்றுப்போகும். ஸ்போக்கின் முனை மெல்லத் தலையை நீட்டும். இதை அறியாதவர் தெருவைத் திட்டிக்கொண்டே மாதம் ஒருமுறை ஒட்டுவார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் முள்ளும் இல்லை, ஸ்போக்கும் இல்லை. காற்றுக் குறைவாக ஓட்டிப் படித்துறைக் கல்லில் ஏற்றிய தம் புதல்வரை விசாரிப்பது நலம்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் மூன்று சமயங்கள் நிலவுகின்றன. கன்னவாதிகள் டியூபைக் கன்னத்தோரம் பிடித்து, காற்று படுகிறதா என்று கண்ணை மூடுவார்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் இது பெரும்பாலும் பொய்த்துப்போகும். எச்சில்வாதிகள் விரலால் தடவிக் குமிழ் பார்ப்பார்கள். வால்வுக்கு இம்முறை போதும், முழு டியூபுக்கு ஆயுள் போதாது. மூன்றாமவர் நீர்வாதிகள். துணி ஊறவைக்கும் பேசினை, வீட்டம்மாவின் ஒப்புதலோடு அல்லது இல்லாமல், எடுத்துக்கொள்வார்கள். காற்றடித்த டியூபைச் சாண் சாணாக முக்கி நகர்த்த, ஓரிடத்தில் குமிழ்கள் மணிமணியாகக் கோத்து மேலே வரும். அந்த இடத்தைப் பேனாவால் குறிக்க முடியாது, ஈரத்தில் எழுதாது. தீக்குச்சி முனையை ஓட்டையில் செருகிவைப்பதே மரபு. ஆய்வாளன் நீர்வாதி, நடுநிலைமையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

பிறகு துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவ வேண்டும். தமிழ்கூறும் நல்லுலகம் தோற்பது அடுத்த கட்டத்தில்தான். சொலுஷன் என்பது கரைப்பானில் கரைந்த ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போனபின்பே ரப்பர் ரப்பரைப் பிடிக்கும். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். ஈரத்திலேயே துண்டை வைத்து அமுக்கினால் கரைப்பான் அடியில் மாட்டிக்கொள்ளும். துண்டு உட்கார்ந்ததுபோல் பாவனை காட்டிவிட்டுப் பக்கத்து ஊரான தோப்பும்படியைத் தாண்டுவதற்குள் எழுந்துகொள்ளும். இதே போர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் 1524-இல் அடக்கம் செய்த வாஸ்கோ ட காமாவே 1539-இல் போர்ச்சுகலுக்குக் கிளம்பிவிட்டார். ஈரத்தில் ஒட்டிய துண்டு எம்மாத்திரம்?

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் சிக்கல் முற்றும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். காய்ந்ததுபோல் தெரியும் சொலுஷனின் மேல் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் இருக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊருக்கு இது சாதாரணத் தடை அல்ல. சிலர் அடுப்பருகே கொண்டுபோகிறார்கள். சொலுஷன் தீப்பிடிக்கும் என்பதால் இவ்வாய்வு அதைக் கடுமையாகக் கண்டிக்கிறது.

காயவைக்கும் கலையை அறிய வேண்டுவோர் போர்ட் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதியின் மைதானத்தை அடுத்த டோபி கானாவுக்குப் போகலாம். டச்சுப் பட்டாளத்தின் உடுப்பை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துவைக்கின்றன. முறுக்கிய கயிற்றின் இழைகளுக்கிடையே துணியின் முனையைச் செருகித் தொங்கவிடுவார்கள், கிளிப் கிடையாது. மேகம் கறுத்தால் அத்தனையும் நொடியில் உள்ளே போகும், வெயில் வந்தால் வெளியே வரும். ஈரத்தை மடிக்கலாகாது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். டியூப் ஒட்டும் நமக்கு அது ஆண்டுக்கணக்கில் வாய்க்காத ஞானம்.

இறுதியாக, டியூபின் மறுபிறவி. ஒட்டின்மேல் ஒட்டு விழுந்து, டியூபில் ரப்பரைவிடத் துண்டே அதிகம் என்றானபின் அதற்கு ஓய்வு தரப்படும். குறுக்கே வெட்டினால் வளையம், அதாவது அப்பளக் கட்டுக்கு ரப்பர் பேண்ட். நெடுக்கே வெட்டினால் வார். வாரை ரிம்மின் உட்பக்கம் சுற்றினால் மேலே கண்ட ஸ்போக் குற்றவாளி அடங்குவான். கேரியரில் சுற்றினால் அரிசி மூட்டை நிற்கும். மிச்சத்தில் சதுரம் சதுரமாக வெட்டினால் அடுத்த டியூபுக்கு ஒட்டுத்துண்டு. பாட்டனின் தோல் பேரனின் உடம்பில் தொடர்வதால் டியூபுக்கு மரணமில்லை என்பது ஒரு சாரார் கொள்கை. எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி: அந்த வாரிலும் ஓட்டை இருந்தால்? உண்டிவில்லுக்கு நீளம் போதும்.