மூஷிக பார விளக்கம்

கார்த்திகை தீபத் திருவிழாவில் திருவண்ணாமலை மாட வீதியில் பிள்ளையாரைத் தாங்கி வருவது மூஷிகம். மூஷிகத்தைத் தாங்கி வருவது மனிதத் தோள். ஆகவே எலியின் பாரம் எங்கே இறங்குகிறது என்பது இவ்வூருக்குப் பழைய கேள்வி. அதையே நாலு தெரு தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு வேலரண்ட் என்னும் கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகளும் கேட்கிறார்கள்: "மச்சான், உன் மவுஸ் எத்தன கிராம்?"

முதலில் சொல்லாராய்ச்சி. 1964-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசிக்க, பில் இங்கிலிஷ் செய்துகொடுத்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. வயர் வால்போல் நீண்டதால் எலி ஆயிற்று என்பர். பிள்ளையாரின் வாகனத்தையோ நாம் மூஞ்சூறு என்கிறோம். மூஞ்சூறு எலியே அன்று, பூச்சி தின்னும் வேறு குலம் என்பர் விலங்கியலார். அந்த வழக்கு நமக்கு வேண்டாம், எடை போதும். சுண்டெலி ஏறக்குறைய 20 கிராம். வீட்டு மூஞ்சூறு 50 முதல் 100 வரை.

2014-இல் வந்த லாஜிடெக் ஜி502 மவுஸ் 121 கிராம். அதுவும் போதாதென்று தலா 3.6 கிராமில் ஐந்து எடைக்கட்டிகளைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்; கனமே கம்பீரம் என்றிருந்த காலம். 2019-இல் குளோரியஸ் மாடல் ஓ உடம்பெல்லாம் ஓட்டையாக, இடியாப்பத் தட்டுபோல் வந்து 67-இல் நின்றது. மறு ஆண்டே லாஜிடெக்கின் சூப்பர்லைட் 63-க்குள் இறங்கியது. கொழுத்த மூஞ்சூறு இளைத்த மூஞ்சூறு ஆன கதை இது.

இலேசானதே சுகம் என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? பிடியை அவர் நோக்கவில்லை ஆகலின்.

பிடி மூவகைப்படும். குழந்தையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதுபோல் உள்ளங்கை முழுதும் படிவது ஒன்று. பிடிகொழுக்கட்டைக்கு மடக்குவதுபோல் விரல் வளைவது ஒன்று. விபூதி எடுப்பதுபோல் நுனிவிரலால் தொடுவது ஒன்று.

முதல் பிடியில் மவுஸை நகர்த்துவது முழங்கையும் தோளும்; அவற்றுக்கு 121 கிராம் ஒரு பொருட்டல்ல. விபூதிப் பிடியில் அந்த வேலை சின்னஞ்சிறு விரல் தசைகளுக்கு வந்துவிடுகிறது; ஒவ்வொரு கிராமும் உறைக்கும். எடை பாதியானால் கிளப்பவும் நிறுத்தவும் பாதி விசை போதும் என்ற நியூட்டன் கணக்கு இங்கேதான் பலிக்கிறது. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்றியவரையும், இடக்கையில் இடுக்கிக்கொண்டவரையும் குபேர லிங்கத்தருகே பார்த்தால் மீதி விளங்கும். பிள்ளை அதே பிள்ளைதான்.

(வயர்லெஸ் மவுஸ்காரர்களுக்கு ஓர் இடைச்செருகல்: சாதாரண டபுள் ஏ பேட்டரி ஒன்று சுமார் 23 கிராம். எலியின் வயிற்றுக்குள் ஒரு முழுச் சுண்டெலி! லித்தியம் பேட்டரி போட்டால் 15.)

அதே கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். குறுகிய வழியில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து வெளியே வந்தால் நரம்பு, மூட்டு உபாதை தீரும் என்பது நம்பிக்கை. மணிக்கட்டு வலிக்குச் செங்குத்து மவுஸ் செய்தவர்களும் ஒருக்களிப்பதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: கை குப்புறக் கவிழாமல், கைகுலுக்குவதுபோல் பக்கவாட்டில் நிற்கும். 2018-இல் வந்த எம்எக்ஸ் வெர்ட்டிகல் அந்த வகை. எடை 135 கிராம். சுண்டெலிக் கணக்கில் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு.