முவைலாச் சுவர் விலங்குகள்: மதிப்பீடும் விற்பனையும்

ஷார்ஜா முவைலாவின் அடுக்ககங்களில் வாழும் வனவிலங்குகள் சோபாவுக்கு மேலும் ஏசிக்குக் கீழும் காணப்படும். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைபட்ட இவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தது, வாஸ்து கருதி வாங்கப்படும் ஏழு வெள்ளைக் குதிரை. அதற்கு அடுத்த இடம், இந்த மண்ணில் இறங்கியதும் வாங்கத் தோன்றும் ராஜாளிக்கு. ஓடைக்கரை மானும் பாதி முகம் மட்டும் காட்டும் வரிப்புலியும் அடுத்தடுத்து வரும். குதிரை வீட்டு விலங்காயிற்றே, வனவிலங்கில் எப்படிச் சேரும் எனின், லகான் வரையப்படாத குதிரை வனவிலங்கே என்க.

இவ்வட்டாரத்தின் விலங்குக் கலைக்குத் தொன்மை போதாது என்று எவரும் குறை கூற முடியாது. முவைலாவில் நடந்த அகழாய்வில் இரும்புக் காலக் குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. அதில் கிடைத்த சுடுமண் ஒட்டகம் ஷார்ஜா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது விற்பனைக்கு வராது என்பதால் விலை ஆய்வுக்குப் பயன்படாது. இன்றைய முவைலாவில் சஃபாரி என்ற பெயரிலேயே ஒரு மால் உண்டு. கள ஆய்வுக்குப் போகிறவர் அங்கிருந்து பெரும்பாலும் அரிசி மூட்டையோடுதான் திரும்புவார். சுவர் விலங்குகளில் பல உண்மையில் துபாய் டிராகன் மார்ட்டைப் பூர்விகமாகக் கொண்டவை.

விலங்கு அச்சுப் படத்துக்கு விலை எங்கிருந்து வருகிறது என்று அறிய, உயர்குடிப் படங்களை முதலில் பார்க்க வேண்டும். 1515இல் ட்யூரர் என்ற ஜெர்மானியர் மரக்கட்டை அச்சாக வெளியிட்ட காண்டாமிருகம் இக்குடியின் மூத்தது. குஜராத் சுல்தான் கொடுத்து, கோவா வழியே லிஸ்பனுக்குக் கப்பலேறிய விலங்கு அது. ட்யூரர் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு கோட்டுச் சித்திரத்தையும் வைத்து வரைந்தார். முதுகில் இல்லாத ஒரு கொம்பும் சேர்ந்துகொண்டது. ஐந்நூறு ஆண்டுகளாக அந்தப் பிழையால் விலையில் காசு குறையவில்லை.

அடுத்த பேரினம் ஆடுபன் என்ற ஓவியர் வெளியிட்ட 'அமெரிக்கப் பறவைகள்'. 1827 முதல் 1838 வரை வெளிவந்த 435 தகடுகள். பறவையின் உண்மை அளவுக்குப் படம், கையால் வண்ணம். முழுத் தொகுதியாக இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 120. அவற்றுள் ஒன்றை 2000ஆம் ஆண்டு நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 88 லட்சம் டாலருக்கு எடுத்தவர் வளைகுடாக்காரர்: கத்தாரின் ஷேக் சவூத் பின் முகமது அல் தானி. காட்டில் அற்றுப்போன நீல நிற ஸ்பிக்ஸ் மக்காவ் கிளியைத் தம் அல் வப்ரா பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தவரும் அவரே. படத்தையும் பறவையையும் ஒருங்கே சேர்த்தவர் என்ற வகையில், இத்துறை ஆய்வாளர் அவரைத் தனி வகுப்பில் வைத்தல் தகும்.

நமக்கும் இதில் பங்குண்டு. ஜெர்டன் என்ற மருத்துவர் 1843 முதல் 1847 வரை சென்னையில் வெளியிட்ட இந்தியப் பறவைப் படநூலில் 50 கல்லச்சுப் படங்கள் உண்டு. இந்திய ஓவியர்கள் வரைந்த அவையும் இன்று சேகரிப்போர் தேடும் பொருள். ஆகவே ஊரில் பரணைச் சுத்தம் செய்கிறவர் காகிதக் கட்டை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

முவைலாக் குதிரை இந்தக் குடியைச் சேர்ந்ததா என்று அறிய முதற்கருவி பூதக்கண்ணாடி. படத்தை உற்றுப் பார்க்கையில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்காகக் கோலமிட்டிருந்தால் அது ஆப்செட் அச்சு. செப்புத் தகட்டு அச்சாயின், தகடு அழுந்திய விளிம்புத் தடம் காகிதத்தில் விரலுக்குத் தட்டுப்படும். ஆடுபனின் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் வாட்மன் ஆலையின் நீர்க்குறி தெரியும். ஓவியர் பென்சிலால் இட்ட கையெழுத்துக்கு மதிப்புண்டு. படத்தோடு சேர்ந்தே அச்சாகிய கையெழுத்துக்கு இல்லை.

ஓரத்தில் 125/950 என்று எழுதியிருந்தால், 950 பிரதிகளில் இது 125ஆவது என்று பொருள். இதை மார்க் என்று கொண்டு, படம் பெயில் என முடிவு கட்டிவிடக் கூடாது. எண்ணிட்ட பிரதி என்பதாலேயே விலை ஏறும் என்று நம்புவதும் தவறு. 1970களிலும் 80களிலும் வட அமெரிக்காவில் ஓவியர் ராபர்ட் பேட்மன் போன்றோரின் எண்ணிட்ட விலங்குப் படங்களைப் பலர் சேமிப்பாகவே வாங்கினர். பிறகு எல்லோரும் ஒரே காலத்தில் விற்க வந்தபோது, வாங்க ஆளில்லை. முவைலாவில் இதே நிகழ்வு ஆண்டுதோறும் மார்ச் கடைசியில் நடக்கிறது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஆண்டு முடிவது அப்போதுதான். ஊர் திரும்பும் குடும்பங்களின் ஏழு குதிரைகளும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்துவிடும்.

உடற்கேட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். வளைகுடா வெயில் ஜன்னல் வழியே விழ, மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் நிற்கும். நாலு கோடை கண்ட வரிப்புலி நீலம் பாரிக்கத் தொடங்குவது இதனாலேயே. இதை அரிய இனம் என்று விளம்பரத்தில் போடுவோர் உளர், அது முறையன்று. குளிர்ந்த சுவரில் ஈரம் கோத்தால் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும். புலியென வாங்கியது சிறுத்தையாக முடியும்.

இனி விற்பனை. டுபிசில் தளமும் கட்டட வாட்ஸாப் குழுவும் இதற்கான களங்கள். 'அவைலபிளா?' என்பது முதல் வினா. 'லாஸ்ட் பிரைஸ்?' என்பது இரண்டாம் வினா. முதல் விலை சொல்லப்படுமுன்பே அது வந்துவிடும். மூன்றாவது, விலைக் கோட்பாட்டையே புரட்டிப் போடுவது: 'அக்கா, சோபா எடுத்தா குதிரை ஃப்ரீயா?' அந்த நொடியில் படம் தனிப்பொருள் என்ற நிலையிழந்து சோபாவின் உறுப்பாகிறது. அதன்பின் அதற்குத் தனி விலை கிடைத்ததாக வரலாறு இல்லை.

ஏலக்கூடத்தில் ஒரு படம் யார் யார் கையிலிருந்து வந்தது என்பது விலையைக் கூட்டும். பிரபுவின் மாளிகையில் தொங்கியது என்றால் பட்டியலில் அதற்கே ஒரு பத்தி ஒதுக்குவர். முவைலாவில் இதுவே விலையைக் குறைக்கிறது. ஏழு குதிரை வேலையில் ஏற்றம் தருவது. அதை விற்பவர் விசா கேன்சலாகி ஊருக்குப் போகிறார் எனில், குதிரைகள் இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தன என்று வாங்குபவர் கேட்பது நியாயமே. ஆதலால் அனுபவமுள்ள விற்பனையாளர் 'வில்லாவுக்கு மாறுகிறோம், அங்கே சுவர் போதாது' என்று எழுதுவார். வில்லாவில் சுவர் எப்படிக் குறையும் என்று எவரும் கேட்டதில்லை. ராஜாளிக்கும் மானுக்கும் இந்தத் தோஷம் கிடையாது. அவை எதையும் வாக்களிப்பதில்லை.

விலை இறங்கும் வேகம் விமான டிக்கெட்டின் தேதியைப் பொறுத்தது. ஒரு மாதம் இருக்கையில் படத்துக்குச் சொல்லும் விலையில் நினைவுகளும் அடங்கியிருக்கும். ஒரு வாரத்தில் சட்டத்தின் விலை மட்டும் நிற்கும். முந்தைய இரவில் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றாகும். கார்கோவில் ஊருக்கு அனுப்பலாமே எனின், எடைக்கூலி படத்தின் விலையை மிஞ்சும். கண்ணாடிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றிப் படத்தைச் சுருட்டி எடுத்துப்போவது ஒன்றே வழி. ஊரில் சட்டமிட்டால் புதுப்படத்தின் செலவு வந்துவிடும்.

எஞ்சியவை கட்டடக் காவலரான நாத்தூரிடம் சேரும். அவர் எதற்கும் வேண்டாம் என்று சொல்வதில்லை. லிப்டுக்குப் பின்னால் குதிரைகள் சுவரைப் பார்த்தபடி அடுக்கியிருக்கும். ஏப்ரலில் புதுக்குடும்பம் ஒன்று பெட்டிகளோடு வந்து இறங்கி, ஹாலின் வெறுஞ்சுவரை அண்ணாந்து பார்க்கும். அப்போது அவர் அவற்றுள் ஒன்றைத் துடைத்து எடுத்து வந்து, 'நல்ல படம் பாய், ஐம்பது திர்ஹம்' என்பார். முன்பு அது எந்த ஃப்ளாட்டில் தொங்கியது என்று கேட்டால், வில்லாவுக்குப் போனவர்களுடையது என்பார்.