பையனுக்குத்தான்

மாடல் விமானமும் ரயிலும் விற்கிற கடைக்குள் போய், ‘இது எனக்கு வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேட்ட ஆண்பிள்ளையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரு பையன் இருப்பான். நரைக்கத் தொடங்கிய தாடியைத் தடவிக்கொண்டு கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருப்பவரை, “என்ன சார் பார்க்கறீங்க?” என்று கேட்டுவிட்டால் போதும். “பையனுக்குத்தான்” என்பார். பையனுக்கு என்ன வயசு? “அடுத்த மாசம் ஒண்ணு முடியுது.” பெட்டியின் மேல் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போட்டிருக்கும். அதனாலென்ன, பையன் வளராமலா போய்விடுவான்?

நான் போகிற கடை சென்னையில், அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பாதிப் படி ஏறும்போதே தின்னர் வாசனை வரவேற்கும். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில்தான் நிற்கவேண்டும். கடைக்காரரை எல்லோரும் பாய் என்போம். அவர் யாரையும் குறுக்கு விசாரணை செய்யமாட்டார். யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிக்கொள்வார். காசை வாங்கிப் போட்டதும், யாரும் கேட்காமலே பெட்டியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை நகத்தால் உரித்துவிட்டு, பெட்டியைக் கறுப்புப் பைக்குள் நுழைப்பார். “வீட்டுக்கு ஒரு பில் போடவா சார்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். 2,800 ரூபாய் கொடுத்திருந்தால் வீட்டு பில்லில் 280 இருக்கும். ஒரு சைபரில் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய மனிதர்.

அரசாங்கத்துக்கு இந்த நாசூக்கு கிடையாது. சுங்கத் துறைப் பட்டியலில் 9503 என்று ஒரு தலைப்பு இருக்கிறது. மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, பொம்மையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி, ஸ்கேல் மாடல் எல்லாம் அந்த ஒரே தலைப்புக்குள் அடக்கம். 2020 பட்ஜெட்டில் அதற்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. வரியைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் வால் சக்கரம் உள்ளே மடங்குமா மடங்காதா என்று ஒரு மாலை முழுக்க வாதாடக்கூடிய ஐம்பத்தெட்டு வயது வங்கி மேலாளர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். அவர் வாங்குவதெல்லாம் பொம்மைதான் என்று அவர் மனைவி பல வருஷமாகச் சொல்லிவந்ததை நாடாளுமன்றமே ஆமோதித்துவிட்டதே, அதைத்தான் எங்களால் தாங்கமுடியவில்லை.

கடைக்கு எதையுமே வாங்காத வாடிக்கையாளர் ஒருவரும் உண்டு. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். ரயில் பெட்டி வாங்க யாராவது புதிதாக வரும்வரை மூலையில் ஸ்டூலில் காத்திருப்பார். வந்ததும் எழுந்து போய்த் தண்டவாளத்தை அளப்பார். “பதினாறரை மில்லி. எண்பத்தேழால பெருக்குங்க.” மாடல் 87இல் ஒரு பங்கு என்பதால், பெருக்கினால் 1435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை அகலம். நம்முடையது 1676. “நம்ம அகலப் பாதைக்குப் பத்தொன்பது மில்லிக்கு மேல வேணும். இதுல நம்ம எஞ்சினை ஓட்டினா அது ஆள்மாறாட்டம் சார்.”

இங்கிலாந்துக்காரர்களும் அதே பதினாறரை மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் 76இல் ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறார்கள், அந்தக் காலத்து மோட்டார் அவர்களுடைய ஒல்லி எஞ்சினுக்குள் நுழையாததால் வண்டியைப் பெருக்கவைத்துத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று வங்கி மேலாளர் எடுத்துச் சொன்னார். “வெள்ளைக்காரன் தப்பு பண்ணினா நாமும் பண்ணணுமா?” என்றார் பெரியவர். சமாதானப்படுத்தும் எண்ணத்தில் நான், மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது, கணக்குக் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது என்றேன். “அதைத்தான் பிடுங்கிட்டாங்களே!” என்று எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம்வரை வரவில்லை.

இவ்வளவு துல்லியம் பேசுகிற உலகத்தில் ராணுவ டாங்க் மாடல்கள் ஏன் 35இல் ஒரு பங்காக இருக்கின்றன தெரியுமா? ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற அளவுக்கு உடம்பை வைத்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் அதையே பிடித்துக்கொண்டன. சரித்திர நுணுக்கத்துக்காகக் கைகலப்புக்குத் தயாராக இருப்பவர்களின் அளவுகோலை நிர்ணயித்தது டார்ச் லைட் செல். இதைப் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு.

நிஜமாகவே பறக்கிற விமானம் வாங்குபவர்கள் வேறு ரகம். அவர்கள் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு சாக்குப் பையோடு வருவார்கள். பாய் பையை எட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், “எங்க விழுந்துச்சு?” என்பார். ரிமோட் விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்வரை சொன்ன பேச்சைக் கேட்கும். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது இடது வலமாகும், வலது இடமாகும். அந்தக் குழப்பத்தில் நாம் இருக்கும்போது அது தென்னைமரத்தைத் தேர்ந்தெடுத்துவிடும். முதல் விமானம் வாங்கிய ஓர் இளைஞன் உபரியாக ஒரு புரொபெல்லர் கேட்டான். பாய் ஆறு எடுத்து வைத்தார். “ஒண்ணு போதும் பாய்.” “ஞாயித்துக்கிழமை கடை லீவு தம்பி” என்றார் பாய்.

பிளாஸ்டிக் மாடல்காரர்களுக்கு இந்த ஆபத்தே இல்லை. காரணம், நாங்கள் பெட்டியைத் திறப்பதில்லை. என் பீரோவுக்கு மேல் நான்கு ஸ்பிட்ஃபயர் இருக்கின்றன, நான்கும் 72இல் ஒரு பங்கு. அதாவது ஆறடி விமானி ஓர் அங்குலம். அவருக்கு மூக்கும் மீசையும் தீட்டப் பொறுமையும் பூதக்கண்ணாடியும் வேண்டும். இரண்டும் ஓய்வு பெற்ற பிறகு வந்துவிடும் என்று நினைக்கிறேன். “ஒண்ணை முடிச்சிட்டுத்தான் அடுத்ததுன்னு நீங்கள்லாம் இருந்திருந்தா, நான் எப்பவோ ஷட்டரை இறக்கியிருப்பேன் சார்” என்று பாய் ஒருநாள் நன்றியோடு சொன்னார்.

வாங்கியதை வாங்கிய இரவே முடித்துவிடுகிற ஒரே இனம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள். ராத்திரி எட்டே முக்காலுக்கு, பாய் ஷட்டருக்குக் கொக்கியைத் தேடும்போது மூச்சிரைக்க வருவார்கள். “நாளைக்குக் காலைல சூரியக் குடும்பம்!” பத்து தெர்மாகோல் பந்து கேட்பார்கள். 2006இலேயே புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி ஒன்றைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார் பாய். நாங்கள் தூசு தட்டிப் பாதுகாக்கிற இறக்குமதிச் சரக்கை அந்த அம்மாக்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஐஸ்கிரீம் குச்சி, ஃபெவிகால், குட்டி மோட்டார், ஒன்பது வோல்ட் பேட்டரி. விடிவதற்குள் எரிமலை கக்கும், காற்றாலை சுற்றும். என்னைக் கேட்டால் ஊரிலேயே தேர்ந்த மாடல் கலைஞர்கள் அவர்கள்தான். மதிப்பெண் மட்டும் பிள்ளைகளுக்குப் போய்விடுகிறது.

என் வீட்டிலும் ஐந்தாம் வகுப்பு ஒன்று உண்டு. நான் வெளியூர் போயிருந்தபோது அதற்கு அவசரமாக அணைக்கட்டு தேவைப்பட்டது. தண்ணீர் விழுந்தால் பல்பு எரியவேண்டுமாம். என் மனைவி பீரோவுக்கு மேலிருந்த கறுப்புப் பையில் முகவரியைப் பார்த்து நேரே பாய் கடைக்கே போயிருக்கிறாள். பில்லுக்கு என் கைபேசி எண்ணைச் சொல்லியிருக்கிறாள்.

“அட, நம்ம சார் வீடா!” என்று பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறார். விலைகளைப் பற்றி மூச்சு விடவில்லை, தொழில் தர்மம். ஆனால் அன்பை அடக்கமுடியவில்லை. “பையன் எப்படி இருக்கான் மேடம்? இப்ப நல்லா வளர்ந்திருப்பானே! நாலு ஸ்பிட்ஃபயரும் கட்டிட்டானா? சாருக்கு அவன்மேல உசிரு.”

எங்களுக்கு ஒரே பெண்.

நான் ஊரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், “யாருங்க அந்தப் பையன்?” என்றாள். பீரோவைத் திறந்து, பெட்டிகளை இறக்கி, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சந்தேகம் தீர இரவு வெகுநேரமானது. அடுத்த தடவை படியேறிப் போனபோது பாய் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பொண்ணுக்குத்தானே சார்?” என்று கேட்டபடி விலைச் சீட்டை உரிக்கத் தொடங்கினார்.