நடுகல்லுக்கு இடைவேளை கிடையாது

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒருத்தன் சூப்பர்ஹீரோ ஆவதற்கு அந்தக் காலத்தில் ஒரே வழிதான் இருந்தது. பக்கத்து ஊர்க்காரன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இவன் தூக்கம் கலைந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, ஓடிப்போய் மறிக்க வேண்டும். மாடு திரும்பி வர வேண்டும்; இவன் திரும்பி வரக் கூடாது. ஊர் கூடி ஒரு கல்லை நட்டுவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் இப்படி நட்ட கற்கள் ஏராளம். எழுத்துள்ள கல்லாக இருந்தால் ஆளின் பெயர் இருக்கும், எந்த ராஜா காலம் என்றிருக்கும், எதற்காகச் செத்தான் என்றிருக்கும். நாலு வரி. படம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

தொல்காப்பியர் இதற்கு ஆறு கட்டம் சொல்கிறார். கல்லைத் தேடிப் பார்ப்பது காட்சி, எடுத்து வருவது கால்கோள், குளிப்பாட்டுவது நீர்ப்படை, அப்புறம் நடுகல், பெரும்படை, வாழ்த்து. லொகேஷன் பார்ப்பதில் ஆரம்பித்து வெற்றி விழாவில் முடிகிற அதே வரிசைதான். ஒரே வித்தியாசம், அங்கே ஹீரோ செத்த பிறகுதான் பூஜையே போடுவார்கள். கால்ஷீட் தொல்லை கிடையாது.

துணைப் பாத்திரங்களுக்கும் மரியாதை இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் செத்த இடம். பக்கத்திலேயே அவன் நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயரும் போட்டிருக்கிறார்கள். நம் படங்களில் ஹீரோவின் நண்பனாக வந்து மூன்று மணி நேரம் அடி வாங்குகிறவருக்கு நாம் பெயர் கேட்டிருப்போமா? ஆயிரத்து நானூறு வருஷமாக அந்த நாய்க்கு டைட்டில் கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

கல் நடுகிற வழக்கம் நின்ற பிறகு வெகுகாலம் சத்தமில்லை. 1972-இல் இரண்டு காரியம் நடந்தது. இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ வெளிவந்தது. சிவகாசியில் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு பிறந்தது. முதல் புத்தகத்தை ஆராய்ச்சியாளர்கள் படித்தார்கள், இரண்டாவதை நாடே படித்தது. மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் தெரியும். உள்நாட்டு நிலவரம் தெரியாமல் இங்கிலாந்துக்காரன் யோசித்த சக்தி. மின்வெட்டுக் காலமான 2012-இல் அவர் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தால் நாள் பூராவும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டு, “கரண்ட் எப்பங்க வரும்?” என்று ஈ.பி. ஆபீஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

1997-இல் தூர்தர்ஷனில் சக்திமான் சுழன்று வந்தார். எங்கள் ஊர் குருபரப்பள்ளியில் தெலுங்கு பேசுவோம், கன்னடம் பேசுவோம், தமிழில் திட்டுவோம். சக்திமான் மட்டும் இந்தியில் பேசினார். ஒரு வார்த்தை புரியாமல் எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்தது. இப்போது யோசித்தால், எங்களுக்கு அது அவ்வளவு பிடித்ததற்குக் காரணமே வசனம் புரியாததுதான்.

சினிமாவுக்கு வருவோம். தமிழ் சினிமாவுக்குச் சூப்பர்ஹீரோ தேவைப்பட்டதே இல்லை. சாதா ஹீரோவே பத்து பேரைப் பறக்க விடுவார். மாறுவேடம் என்றால் கன்னத்தில் ஒரு மரு. ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது, கடைசி வரிசை ரசிகனுக்கு மட்டும் தெரியும். இந்த ஒப்பந்தம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் முகமூடியைக் கொண்டுவந்து மாட்டியபோதுதான் சிக்கல். ரசிகன் காசு கொடுப்பதே முகத்துக்கு. முகத்தை மூடினால் பாதிக் காசு வீண். அதனால் இயக்குநர் அரை மணிக்கொரு தரம் மூடியைக் கழற்றிக் காதல், பாட்டு, அம்மா சென்டிமென்ட் எல்லாம் காட்டியாக வேண்டும். படம் நீளும். நாம் நெளிவோம்.

2009 ஆகஸ்டில் ‘கந்தசாமி’. சுசி கணேசன் படம், தாணு தயாரிப்பு. குறைகளைச் சீட்டில் எழுதித் திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் கட்டினால், முருகன் தீர்த்து வைக்கிறார். ஆள் யார் என்றால் சி.பி.ஐ. அதிகாரி விக்ரம். முருகன் கொடியில் சேவல் இருப்பதால் இவர் சேவல் வேஷம் கட்டிக்கொண்டு, கழுத்தை வெட்டி வெட்டி, கொக்கரித்தபடி வில்லனை மிதிப்பார். தமிழ்நாட்டு மூளையில் மட்டுமே உதிக்கக்கூடிய யோசனை. வவ்வால் மனிதன், சிலந்தி மனிதன் என்று ஊர் உலகம் அலைந்தபோது நாம் நேராகக் கோழிக் கூண்டுக்குப் போனோம். எனக்கு இன்றைக்கும் அது பிடிக்கும்.

ஆனால் படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி இரண்டாம் ஆட்டம் போன நாங்கள் நாலு பேர் வெளியே வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. எக்ஸ்பிரஸ் பஸ்காரர்கள் குருபரப்பள்ளி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தக்காளிக் கூடை ஏற்றப் போன டெம்போவில் தொற்றி வீடு சேர்ந்தபோது நிஜச் சேவல் கூவிவிட்டது. வாசலில் நின்ற அம்மா கேட்டது ஒன்றுதான்: “படம் இப்பதான் உட்டாங்களா?”

2011 தீபாவளி சூப்பர்ஹீரோக்களின் சந்தை நாள். ‘வேலாயுதம்’ வந்தது. அதே அக்டோபர் 26-இல் ஷாருக் கானின் ‘ரா.ஒன்’ வந்தது, அதில் தலைகாட்ட நம்முடைய ‘எந்திரன்’ சிட்டியையே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதே தீபாவளிக்கு ‘ஏழாம் அறிவு’ம் உண்டு. அதில் போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சீனா போகிற முதல் இருபது நிமிஷத்தைப் பார்த்துவிட்டு டி.வி.யை அணைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விவரமானவர்கள்.

‘வேலாயுதம்’ கதை உண்மையில் நல்ல கதை. நிருபர் ஒருத்தி இல்லாத வீரனை எழுதி வைக்கிறாள். அதே பெயருள்ள பால்காரன் தங்கை கல்யாணத்துக்காகச் சீட்டுப் பணம் வாங்கப் பட்டணம் வந்து, தெரியாமலே அந்த வீரனாகிவிடுகிறான். சீட்டுப் பணத்தை வசூலிப்பதைவிடப் பெரிய வீரம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதை விட்டுவிட்டு, வீடியோ கேமில் வருகிற மாதிரி முக்காடு ஒன்றைப் போட்டு அவனைக் கூரை மேல் ஏற்றிவிட்டார்கள். சந்தானம் வரும்போது உட்கார்வேன், முக்காடு வரும்போது மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவேன்.

2012 ஆகஸ்ட் 31-இல் மிஷ்கினின் ‘முகமூடி’. தமிழின் முதல் சூப்பர்ஹீரோ படம் என்றார்கள். சேவல் அதைக் கேட்டு என்ன நினைத்ததோ. ஜீவாவுக்கு புரூஸ் லீ பைத்தியம், வில்லன் நரேன் கையில் சுத்தியல், தாத்தாவாக கிரீஷ் கர்னாட். ஞானபீட விருது வாங்கிய நாடகாசிரியரைப் பேரனின் முகமூடிக்குத் துணையாக உட்கார வைத்த துணிச்சலுக்கே ஒரு கல் நடலாம். குங்ஃபூ சண்டைகளை நின்று நிதானமாக எடுத்திருப்பார் மிஷ்கின், கண் எடுக்க முடியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் நாம் ஹீரோவுக்காகப் பதற வேண்டும் என்பதைப் படம் சொல்ல மறந்துவிடும். டி.வி.யில் போட்ட மூன்று தடவையும் கிளைமாக்ஸுக்கு முன்னால் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை.

2016 செப்டம்பர் 8-இல் ‘இருமுகன்’. மறுபடி விக்ரம். இம்முறை சேவல் இல்லை. இன்ஹேலரை ஓர் இழுப்பு இழுத்தால் ஐந்து நிமிஷத்துக்கு அசுர பலம். மறுநாள் காவிரிக்காகக் கர்நாடக பந்த். 12-ஆம் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன. எல்லையில் பஸ் நின்றுபோய், அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு ஜனங்கள் பெட்டியைத் தலையிலும் பிள்ளையைத் தோளிலும் வைத்துக்கொண்டு நடந்தார்கள். என் மச்சான் அப்படித்தான் வந்து சேர்ந்தான். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று படத்துக்குக் கூட்டிப் போனேன். இன்ஹேலர் காட்சியில் காலைத் தேய்த்துவிட்டபடி, “அத்திப்பள்ளில இது ஒண்ணு கெடச்சிருந்தா போதும் மாமா” என்றான். படத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

2019-இல் சிவகார்த்திகேயனின் ‘ஹீரோ’. சக்திமானை நம்பி வளர்ந்த பையன் பெரியவனாகிப் போலிச் சர்டிபிகேட் அடித்துக் கொடுக்கிறான். சிப்காட் வேலைக்காக ஃபைலோடு வரிசையில் நிற்கிற எங்கள் பையன்கள் அந்தப் பாதியை உன்னிப்பாகப் பார்த்தார்கள். அப்புறம் முகமூடி வந்தது, கல்விமுறை பற்றிப் பாடம் வந்தது, பிள்ளைகள் ஹோம்வொர்க் ஞாபகம் வந்து எழுந்துவிட்டார்கள்.

2023-இல்தான் ஒருவழியாகப் புத்தி வந்தது. ‘மாவீர’னில் முகமூடி இல்லை, பயந்தாங்கொள்ளி ஒருவனின் காதுக்குள் குரல் ஒன்று மட்டும். வில்லன் யாரென்று பார்த்தால் மிஷ்கின்! முகமூடி மாட்டிவிட்ட ஆளையே கொண்டுவந்து உதை வாங்க வைத்து வரலாறு கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் மறுபடி ‘கந்தசாமி’. அக்கா மகன் தட்டோடு உட்கார்ந்தான்.

“மாமா, கோழி எப்ப வரும்?”

“வரும்டா, நீ துன்னு.”

கோழி வந்தது, மிதித்தது, கொக்கரித்தது. பையன் சோறு சிதறச் சிரித்தான். பாட்டு ஆரம்பித்தது. தட்டைக் கழுவிப் போட்டுவிட்டு கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடிவிட்டான். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே பையன்களுக்கு ஸ்டம்ப் ஒரு நடுகல். எழுத்து இல்லை, பெயர் தெரியாது. இடுப்புயரக் கல்லில் ஒருத்தன் முழங்காலை மடக்கி நிற்கிறான். வலக்கையில் வாள், இடக்கையில் வில், விலாவில் அம்பு தைத்திருக்கிறது. முகம் மட்டும் இல்லை. மழையும் வெயிலும், இந்த ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட பந்தும் சேர்ந்து வழித்துவிட்டன. முகமே இல்லாத ஹீரோ. யாரும் குறை சொன்னதில்லை.

பந்து அக்கா மகனின் பேட்டுக்குத் தப்பி, கல்லின் மார்பில் பட்டு நின்றது. மாட்டை மறித்தவன் பந்தையும் மறித்துவிட்டான்.

“அவுட்டு!” என்று ஊரே கத்தியது. எனக்கு இன்னொரு ஓவர் பார்க்கலாம் போலிருந்தது.